வார்த்தா ஆகாத திடலில் காசு போடாதீர்கள்

மலேசியாவில் தோட்டம் கைமாறியதும் லயத்தை, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளை, விட்டு வெளியேற்றப்பட்டவர்கள் ஆற்றோரத்திலும் தண்டவாளத்தோரத்திலும் வீடு கட்டிக்கொண்டார்கள். சுங்கை சிப்புட், கூலிம், பந்திங் மாதிரித் தோட்டத்துப் பட்டணங்களில் இப்படிப்பட்ட புறம்போக்குக் குடியிருப்புகள் உண்டு. வீடுகளுக்கு நடுவே மிஞ்சிய துண்டு நிலத்தைப் பிள்ளைகளுக்குத் திடலாக்க வழி இருக்கிறது. தேசிய நிலச் சட்டத்தின் 62ஆவது பிரிவின்படி, மாநில அரசு தன் நிலத்தைப் பொதுத் தேவைக்கு ஒதுக்கி வார்த்தாவில், அதாவது அரசிதழில், வெளியிடலாம். சட்டம் அவ்வளவுதான். மக்கள் அலைக்கழிவது அதற்கப்புறம்.

முதலில் நிலம் யாருடையது என்று பாருங்கள். லோட் எண் தெரிந்தால் நில அலுவலகத்தில் கட்டணம் கட்டித் தேடிப் பார்க்கலாம். கிராண்ட், அதாவது நிலப் பட்டா, தோட்ட நிறுவனத்தின் பெயரில் இருந்தால் இந்தப் பிரிவு உதவாது, நிறுவனத்திடம்தான் பேச வேண்டும். அரசு நிலமாகவே இருந்தாலும், "இத்தனை வருஷமா நாங்கதான் புல்லு வெட்டுறோம்" என்ற பேச்சு எடுபடாது. எவ்வளவு காலம் அனுபவித்தாலும் உரிமை வராது என்று 48ஆவது பிரிவு அடித்துச் சொல்கிறது.

அடுத்த கண்ணி டி.ஓ.எல்., அதாவது அரசு நிலத்தைத் தற்காலிகமாகப் பயன்படுத்தும் உரிமம். எந்த மாதம் வாங்கினாலும் டிசம்பர் 31உடன் அது முடிந்துவிடும். அதை நம்பி எனக்குத் தெரிந்த ஒரு கம்பத்தில், அதாவது கிராமத்தில், ஆளாளுக்குக் காசு போட்டு, லாரியில் மண் கொட்டி, தக்ராவ் (காலால் ஆடும் வலைப்பந்து) தூண் நட்டார்கள். மறு வருஷம் உரிமம் புதுப்பிக்கப்படவில்லை. காலிசெய்யச் சொல்லும் நோட்டீஸை அந்தத் தூணிலேயே ஒட்டிவிட்டுப் போனார்கள். ஒய்.பி., அதாவது சட்டமன்ற அல்லது நாடாளுமன்ற உறுப்பினர், வந்து ஊஞ்சல் திறந்துவைத்தாலும் இதே கதைதான்.

குடியிருப்போர் சங்கம் நேரடியாக விண்ணப்பித்தால் பெரும்பாலும் கடிதம் திரும்பி வரும். ஒதுக்கீட்டைக் கேட்க வேண்டியது ஓர் அரசுத் துறை, பெரும்பாலும் உங்கள் ஊராட்சி மன்றம். இதை முகப்பில் யாரும் சொல்வதில்லை. நில அலுவலகம் மன்றத்துக்கு அனுப்பும், மன்றம் வடிகால் துறையைக் கைகாட்டும், அங்கே போனால் மறுபடி நில அலுவலகம்! வேலைக்குப் போகிறவன் எத்தனை நாள் லீவு போடுவான்? அதனால் "திடலைப் பராமரிக்கிறோம், ஒதுக்கீட்டுக்கு விண்ணப்பிக்கிறோம்" என்று மன்றத்திடம் முதலில் எழுத்தில் வாங்குங்கள். கடிதம் மலாயில் இருக்கட்டும். உங்கள் நகலில் 'தெரிமா' (பெற்றுக்கொண்டோம்) என்ற முத்திரை குத்தாமல் முகப்பை விட்டு நகராதீர்கள்.

இன்னொன்று, ரொம்ப முக்கியம். திடலை அளக்க வருகிறவர்கள் பக்கத்து வீடுகளையும் பார்ப்பார்கள். அனுமதியில்லாமல் அரசு நிலத்தில் குடியிருந்தால் 425ஆவது பிரிவில் 5 லட்சம் ரிங்கிட் வரை அபராதம், 5 ஆண்டு வரை சிறை. வீட்டு நிலத்தின் நிலவரம் தெரியாமல் திடல் கடிதத்தை அனுப்பவே வேண்டாம், முதலில் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.

"லுலுஸ் ஆயிடுச்சு", அதாவது அனுமதி கிடைத்துவிட்டது, என்று யாராவது சொன்னால் வார்த்தா எண்ணையும் வரைபடத்தையும் கேளுங்கள். அதில் நிலம் எது, எதற்காக, எந்த அதிகாரியின் பொறுப்பில் என்ற மூன்றும் இருக்க வேண்டும். இருந்தால் மண் லாரிக்குச் சொல்லலாம்.