டைரக்ட் டெபிட்: வரவா, பற்றா, அறவீடா?

கல்லடியில் பக்கத்து வீட்டு மாமி தன் போனை நீட்டினார். இலண்டனில் வீட்டமைப்புச் சங்கமொன்றின் வீட்டில் வாடகைக்கு இருக்கும் மகள் அனுப்பிய கடிதப் படம். “வாடகை டைரக்ட் டெபிட்ல போகுமாம். அதென்ன மனே, வரவா செலவா?”

மாமி சரியான இடத்தில்தான் கைவைத்தார். டைரக்ட் டெபிட்டைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதே சிக்கல். டெபிட்டின் மூலம் ‘டெபிட்டும்’ என்ற இலத்தீன் சொல். கொடுக்கவேண்டியது என்று பொருள். தமிழ்நாட்டில் அது பற்று, கிரெடிட் வரவு. இலங்கையில் நமது கணக்கீட்டுப் பாடத்திலோ டெபிட்தான் வரவு, கிரெடிட் செலவு. டெபிட் கார்டுக்கு வரவட்டை என்று பெயர் வந்ததும் அப்படித்தான். ‘நேரடி வரவு’ என்று எழுதினால் கணக்கீடு படித்த பிள்ளைக்கு விளங்கும். மாமியோ மகளுக்குக் காசு வருகிறது என்று சந்தோசப்படுவார். சரி, ‘நேரடிப் பற்று’? இங்கே பற்றுச்சீட்டு என்பது காசு வாங்கியதற்குத் தரும் துண்டு. அதுவும் குழப்பம்தான்.

காசை எடுப்பது யார் என்று பார்த்தால் சொல் தானாக வரும். வங்கியில் ‘ஸ்டாண்டிங் ஓடர்’ எனப்படும் நிலையியற் கட்டளையில் வாடிக்கையாளரே தன் வங்கிக்குச் சொல்லி, குறித்த தொகையை அனுப்பவைக்கிறார். (பாராளுமன்றத்து நிலையியற் கட்டளை வேறு!) டைரக்ட் டெபிட்டில் குடியிருப்பவர் ஒருதரம் அனுமதி கொடுப்பார், அப்புறம் சங்கமே அவரது வங்கியில் கேட்டு வாடகையை எடுக்கும். வாடகை கூடினால், முன்கூட்டி அறிவித்துவிட்டுக் கூடிய தொகையை எடுக்கலாம். பிழையாக எடுத்தால் வங்கி உடனே முழுவதையும் திருப்பித் தரவேண்டும் என்பது பிரித்தானிய உத்தரவாதம். அங்கே 1964இல் இது தொடங்கியதே ஐஸ்கிரீம் கடைக்காரரிடம் காசு சேர்க்கத்தான். யூனிலீவரில் வேலைபார்த்த அலஸ்டெயர் ஹன்டனின் யோசனை.

ஆகவே என் தெரிவு ‘நேரடி அறவீடு’. வரியோ தண்டப்பணமோ, ‘அறவிடப்படும்’ என்றுதான் நம் அறிவித்தல்களில் போடுகிறார்கள். யார் எடுக்கிறார் என்ற மயக்கமே இல்லை.

மாமி விடவில்லை. கிழமைக்கு 120 பவுண் என்றால் நாலு கிழமைக்கு 480 தானே, ஏன் மாதம் 520 எடுக்கிறார்கள்? 52 கிழமைக்கு 6,240. அதை 12 மாதத்துக்குப் பிரித்தால் 520. கணக்குச் சரி.

“மறுகா, கணக்குல காசு இல்லாட்டி?”

வங்கி மறுத்துவிடும் மாமி, வாடகை நிலுவையில் நிற்கும் என்றேன். உடனே மகளுக்குக் கோல் எடுத்தார்.