பற்றிக்கொண்டு உடனே அணையும் செயின்சா

மரம் அறுக்கும் செயின்சாவின் கயிற்றை நாலைந்து முறை இழுத்தால் எஞ்சின் பற்றிக்கொள்கிறது. சோக்கைத் திறந்துவிட்டுக் கட்டையின் மேல் வைக்கப்போகும் நேரத்தில் இருமிக்கொண்டு நின்றுவிடுகிறது. உடனே புதுப் பிளக் வாங்கிப் போடுவதுதான் பலருடைய வழக்கம். ஆனால் ஒரு முறை பற்றிய எஞ்சினில் தீப்பொறி வருகிறது, சிலிண்டரில் அழுத்தமும் ஓரளவுக்கு இருக்கிறது என்பது அப்போதே தெரிந்துவிடுகிறது. எஞ்சியிருப்பது பெரும்பாலும் பெட்ரோல் விடாமல் வந்து சேர்கிறதா என்ற கேள்விதான். அதற்கு விடை, எஞ்சின் எந்தக் கட்டத்தில் அணைகிறது என்பதிலேயே இருக்கிறது.

சோக் என்பது, பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டரின் காற்று வாயை மூடும் ஒரு தகடு. வாய் மூடியிருக்கும்போது எஞ்சின் உறிஞ்சும் விசை முழுவதும் பெட்ரோல் துளைகளின் மீது விழுவதால், பாதி அடைபட்ட துளை வழியாகக்கூட பெட்ரோல் வந்துவிடும். தகட்டைத் திறந்ததும் காற்று தாராளமாக நுழைகிறது. உறிஞ்சும் விசை தளர்கிறது. எடைக்கணக்கில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெட்ரோல் சேர்ந்தால்தான் இரண்டும் மிச்சமின்றி எரியும். அடைப்புள்ள கார்புரேட்டரால் அந்த ஒரு பங்கைக் கொடுக்க முடியாமல் போகவே எஞ்சின் அணைகிறது. ஆகவே சோக்கில் ஓடி, சோக்கைத் திறந்தால் நிற்கும் எஞ்சின் பெட்ரோல் பற்றாமல் தவிக்கிறது என்று கொள்ளலாம்.

மோட்டார் சைக்கிள் கார்புரேட்டரில் உள்ளதுபோன்ற, பெட்ரோல் மட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் மிதவைக் கிண்ணம் செயின்சாவில் கிடையாது. பக்கவாட்டில் சாய்த்தும் தலைகீழாகத் திருப்பியும் அறுக்க வேண்டிய கருவியில் மிதவை வேலை செய்யாது. அதற்குப் பதிலாக இரண்டு மெல்லிய சவ்வுகள் இருக்கின்றன. பிஸ்டன் மேலும் கீழும் போகும்போது அதற்குக் கீழுள்ள கிராங்க் அறையில் மாறிமாறி எழும் அழுத்தமும் வெற்றிடமும் ஒரு சிறு துளை வழியாக வந்து முதல் சவ்வைத் துடிக்க வைக்கின்றன. எஞ்சின் நிமிடத்துக்கு 10,000 சுற்று சுற்றினால் சவ்வும் 10,000 முறை துடித்து டேங்கிலிருந்து பெட்ரோலை இழுக்கிறது. இரண்டாவது சவ்வின் ஒரு பக்கம் பெட்ரோல், மறுபக்கம் வெளிக்காற்று. பெட்ரோல் செலவாகும்போது அது உள்வாங்கி ஒரு நெம்புகோலை அழுத்த, ஊசி வால்வு திறந்து செலவான அளவுக்குப் பெட்ரோலை உள்ளே விடுகிறது.

கழற்றிப் பார்க்கும்போது இந்தச் சவ்வு விரல் பட்டால் துவண்டு வளைய வேண்டும். வெங்காயச் சருகுபோல விறைத்துச் சடசடத்தால் அதன் ஆயுள் முடிந்தது என்று பொருள். துடைத்து மாட்டிப் பயனில்லை, சவ்வும் கேஸ்கெட்டும் சேர்ந்த ரிப்பேர் கிட்டைத்தான் போட வேண்டும். மாதக்கணக்கில் டேங்கில் கிடந்த பெட்ரோல்தான் பெரும்பாலும் இதற்குக் காரணம். அது ஆவியாகும்போது விட்டுச்செல்லும் பிசின் நுண்துளைகளை அடைக்கிறது. அதில் கலந்துள்ள எத்தனால் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்கிறது. எத்தனால் முழுமையாக எரிய 9 பங்கு காற்றே போதும் என்பதால், 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்குச் சற்றுக் கூடுதலான எரிபொருள் தேவைப்படும். பழைய அளவிலேயே திருகி விட்டிருக்கும் கார்புரேட்டரில் பற்றாக்குறை இன்னும் கொஞ்சம் கூடுகிறது.

கார்புரேட்டரைப் பிரிப்பதற்கு முன் செலவில்லாத ஒரு சோதனை உண்டு. எஞ்சின் ஐந்து பத்து நிமிடம் நன்றாக ஓடிவிட்டு நின்றால், டேங்க் மூடியை மெல்லத் திருகித் திறக்க வேண்டும். புஸ்ஸென்று காற்று உள்ளே இழுபட்டு, அதன்பின் எஞ்சின் ஓடினால், டேங்குக்குள் காற்று விடும் துளை அடைபட்டிருக்கிறது. டேங்கில் வெற்றிடம் உண்டாகிவிட்டால் அந்தச் சின்னச் சவ்வால் பெட்ரோலை இழுக்க முடியாது. டேங்குக்குள் குழாய் நுனியில் தொங்கும் பில்டரையும் கொக்கிக் கம்பியால் வெளியே இழுத்துப் பார்த்துவிடலாம். ஐட்லிங்கில் ஓடி, ஆக்சிலேட்டரை அழுத்தினால் திணறும் எஞ்சினில் சைலன்சர் வாயிலுள்ள கம்பிவலையையும் பார்க்க வேண்டும். அது கரியேறி அடைபட்டிருந்தால் புகை வெளியேற வழியில்லாமல் புதுக் கலவையும் உள்ளே வராது. சூடேறியதும் நின்று, ஆறியபின் மட்டுமே பற்றும் எஞ்சினில், பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் இக்னிஷன் காயிலைச் சந்தேகிக்கலாம். பெட்ரோலை விட்டுத் தீப்பொறிப் பக்கம் போக வேண்டிய இடம் அது ஒன்றுதான்.

கார்புரேட்டர் திருகுகளை முதலிலேயே திருகிவிடும் பழக்கத்தை நான் ஏற்பதில்லை. இந்த எஞ்சினுக்குத் தனி ஆயில் கிடையாது. லிட்டருக்கு 20 மில்லி என்ற 50:1 கணக்கில் பெட்ரோலோடு கலக்கும் 2டி (டூ-ஸ்ட்ரோக்) ஆயில்தான் பிஸ்டனுக்கு வழவழப்பைத் தருகிறது. திருகை இறுக்கிப் பெட்ரோலைக் குறைத்தால் ஆயிலும் குறைந்து, எஞ்சின் கூர்மையாகக் கூவிக்கொண்டு வேகமெடுக்கும். காதுக்கு நன்றாக ஓடுவதுபோலவே இருக்கும், உள்ளே பிஸ்டன் கீறிக்கொண்டிருக்கும். திருகில் கை வைக்காமலேயே ஐட்லிங்கில் அப்படிக் கூவி ஏறி, பிறகு அணைகிற எஞ்சினில் எஞ்சினின் சுழலும் தண்டைச் சுற்றிக் காற்றுப் புகாமல் அடைக்கும் கிராங்க் ஷாஃப்ட் சீல் வழியாகவோ கார்புரேட்டர் பூட்டப்பட்ட இடத்திலோ காற்று கசிகிறது என்று சந்தேகிக்க வேண்டும். அதை வீட்டில் வைத்துச் சரிசெய்ய இயலாது. துளைகளை அடைத்துக் காற்றழுத்திப் பார்க்கும் பட்டறைக்குத்தான் கொண்டுபோக வேண்டும்.