வீல்சேரில் இருப்பவருக்கு ஜிம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு

போன வாரம் இன்னொரு பையன். எல்லை தாண்டி கேரளப் பக்கம் தேங்காய் பறிக்கப் போய், மரத்திலிருந்து விழுந்தவன். இடுப்புக்குக் கீழே உணர்வு கிடையாது, கைகள் இரண்டும் நல்ல கைகள். திருவனந்தபுரத்தில் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தபோது கட்டிலிலிருந்து வீல்சேருக்குத் தானே மாறிக்கொண்டிருந்தான், இப்போது அம்மாவும் மாமாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினால்தான் உண்டு. தோள் சதை வற்றிவிட்டது. பிட்டத்தில் ஆழமான படுக்கைப்புண். நடுவில் அவனாகவே ஒரு ஜிம்முக்குப் போய்க் கேட்டிருக்கிறான், "ஏதாவது ஆச்சுன்னா நாங்க பதில் சொல்ல முடியாது" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். வீட்டிலும் அது நல்லதாகப் போச்சு என்றுதான் நினைத்திருக்கிறார்கள். "ஏலாத பிள்ளை, உடம்பை அலட்டினா இருக்கிறதும் போயிடும்லா டாக்டரே" என்று அந்த அம்மா என்னிடம் சொன்னபோது எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது.

மார்த்தாண்டம் பக்கம் ஃபிசியோதெரபி பார்க்கிற எனக்கு இது புதுக் கதை இல்லை. தென்னை, பனை, மரம் முறிக்கப் போகிற இடம், ராத்திரி பைக். விழுந்த இடம்தான் மாறுகிறது, வீட்டில் சொல்வது ஒன்றுதான்.

"இருக்கிறதும் போயிடும்." இதைத்தான் நான் விடமாட்டேன். பலம் என்ன பத்தாயத்து நெல்லா, அள்ள அள்ளக் குறைய? வேலை கொடுத்தால்தான் சதை நிற்கும், கொடுக்காவிட்டால் சில வாரங்களிலேயே கரைய ஆரம்பிக்கும். கால் வேலை செய்யாதவருக்குக் கைதான் கால். கட்டிலிலிருந்து இறங்க, கழிப்பறை நாற்காலிக்கு மாற, வீல்சேரைத் தள்ள எல்லாவற்றுக்கும் அந்தத் தோள்தான், அதைப் போய் ஓய்வில் வைத்தால் எப்படி? அசையாமல் கிடந்தால் சதை மட்டுமா போகிறது? மலம் இறுகும், எடை ஏறும், சர்க்கரை வரும், தோல் புண்ணாகும், மனசு ஒடுங்கும். உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட உடற்பயிற்சி வழிகாட்டுதலில் மாற்றுத்திறனாளிகளுக்கென்றே தனிப்பகுதி இருக்கிறது. பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சி, அதோடு வாரத்தில் 2 நாளாவது தசைப் பயிற்சி. மற்றவர்களுக்குச் சொன்ன அதே அளவுதான். (போலியோ வந்து பல வருடம் கழித்துப் புதிதாகக் களைப்பும் பலவீனமும் வருகிறவர்களுக்கு மட்டும் அளவைக் குறைத்து, இடைவெளி விட்டுக் கொடுப்போம். அவர்களுக்கும் படுக்கை மருந்தில்லை.)

விளையாட்டை மருத்துவமாகவே பார்த்த டாக்டர்தான் லுட்விக் குட்மன். இங்கிலாந்தில் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் தண்டுவடக் காயக்காரர்களைப் படுக்கையிலிருந்து எழுப்பி 1948-ல் வில்வித்தைப் போட்டி வைத்தார். அன்று 16 பேர், இன்று அது பாராலிம்பிக். அவ்வளவு தூரம் போக வேண்டாம். கேரளத்தில் பிறந்த டாக்டர் மேரி வர்கீஸ் 1954-ல் சாலை விபத்தில் கால்கள் செயலிழந்த பிறகும் வேலூர் சிஎம்சியில் வீல்சேரில் உட்கார்ந்தே ஆபரேஷன் செய்தவர். 1966-ல் அங்கே மறுவாழ்வு மையம் தொடங்கியதும் அவரால்தான்.

சில வீடுகளில் நேர் எதிராகக் கேட்கிறார்கள்: "மாரியப்பன் தங்கவேலு மாதிரி வருவானா?" 2016 ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம், அப்புறம் டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம். அவரைப் பார்த்து ஒரு பிள்ளை வீட்டை விட்டு வெளியே வந்தால் எனக்கு அதைவிட சந்தோஷம் இல்லை. ஆனால் மெடல் வாங்குகிறவனுக்குத்தான் பயிற்சி என்று ஆக்கிவிடாதீர்கள். தானாகக் கட்டில் மாறுவது போதும், அதற்கே டம்பெல் வேண்டும்.

ஜிம் கோச்சுகளுக்குச் சில விஷயங்கள். வீல்சேர் தள்ளுகிறவருக்கு நெஞ்சுப் பக்கம் ஏற்கெனவே ஓவர்டைம் பார்க்கிறது, அதனால் பெஞ்ச் பிரஸ்ஸைக் கூட்டிக்கொண்டே போகாமல் முதுகுக்கும் பின்தோளுக்கும் இழுக்கிற பயிற்சி கொடுங்கள், இல்லாவிட்டால் தோள் வலியோடு என்னிடம்தான் வருவார். காலைப் பிடித்து வெடுக்கென்று இழுக்காதீர்கள், அசையாத காலில் எலும்பு மெலிந்திருக்கும், உடைந்தாலும் அவருக்கு வலி தெரியாது. நெஞ்சு மட்டத்தில் அல்லது கழுத்தில் அடிபட்டவருக்குக் காயத்துக்குக் கீழே வியர்க்காது. நம்ம ஊர் புழுக்கத்தில் ஃபேனும் ஈரத்துண்டும் இல்லாமல் ஆரம்பிக்க வேண்டாம்.

இதை மட்டும் மனப்பாடம் செய்யுங்கள். மார்பு முதுகெலும்பில் 6-வது எலும்பு மட்டத்திலோ அதற்கு மேலோ காயம் உள்ளவருக்குத் திடீரென்று மண்டை பிளக்கிற தலைவலி, முகம் சிவப்பு, தலையில் மட்டும் வியர்வை என்றால் ரத்த அழுத்தம் எகிறுகிறது என்று அர்த்தம். படுக்கப் போடாதீர்கள். நிமிர்த்தி உட்காரவைத்து, பெல்ட், ஸ்ட்ராப் எல்லாம் தளர்த்தி, யூரின் டியூப் மடங்கியிருக்கிறதா பாருங்கள். பெரும்பாலும் நிரம்பிய மூத்திரப்பைதான் காரணம். அடங்கவில்லையென்றால் உடனே ஆஸ்பத்திரி. அதனால்தான் சொல்கிறேன், பயிற்சிக்கு முன்னால் மூத்திரப்பையைக் காலி செய்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

ஜிம் முதலாளிகளே, வாசலில் 1 அடி உயரம் என்றால் சரிவுப் பாதை 12 அடி நீளம் வேண்டும். பைக் ஏற்றுகிற பலகையைச் சாய்த்துப் போட்டால் அதில் ஆள் விழுவார். தனியார் இடங்களும் அணுகும்படி இருக்க வேண்டும் என்று 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்கிறது. வந்தவரிடமே பேசுங்கள், கூட வந்த அம்மாவிடம் இல்லை. கேட்காமல் வீல்சேரைத் தொடவும் வேண்டாம், வீடியோ எடுக்கவும் வேண்டாம்.

அம்மாமாரே, உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. புண் ஆறும்வரை அதன்மேல் உட்காரவைக்க வேண்டாம், ஆனால் குப்புறப் படுத்தும் கைப்பயிற்சி செய்யலாம், எப்படி என்று நான் சொல்லித் தருகிறேன். உட்கார்ந்திருப்பவர் கால் மணிக்கொரு தரம் முன்னால் குனிந்தும் பக்கவாட்டில் சாய்ந்தும் பிட்டத்துக்குக் காற்று கொடுக்கட்டும். ராத்திரி படுக்குமுன் போனில் படம் எடுத்துத் தோல் சிவந்திருக்கிறதா என்று அவர்களே பார்க்கட்டும். இந்த வாரமே பக்கத்தில் இருக்கிற ஃபிசியோவிடம் கூட்டிக்கொண்டு போங்கள், போகும்போது வீல்சேரில் போட்டிருக்கிற குஷனையும் எடுத்துப் போங்கள், அது அமுங்கிப் போயிருந்தால் முதலில் அதைத்தான் மாற்ற வேண்டியிருக்கும்.