நொண்டிக்கொண்டு சில்காவுக்குப் போகாதே, தம்பி

போன வாரம் இரண்டு தெரு தள்ளியிருக்கும் ஒரு பையனை அவன் அம்மா என்னிடம் கூட்டி வந்தார். கடற்படையில் நான்கு வருட வேலைக்கு அக்னிவீராகத் தேர்வாகி, ஒடிசாவில் இருக்கும் சில்கா தளத்துக்குப் பயிற்சிக்குப் போனவன், நான்காவது வாரமே காலில் மாவுக்கட்டோடு சிக் லீவில் வீடு வந்து சேர்ந்திருந்தான். இப்போது கட்டுப் பிரித்தாயிற்று. டேப் வைத்து அளந்தேன். இடது கெண்டைக்கால் வலதை விட இரண்டரை சென்டிமீட்டர் மெலிந்திருந்தது. முழங்காலிலிருந்து கட்டைவிரலை முன்னெலும்பின் மேல் வழித்துக்கொண்டே இறக்கினால், கீழே ஓரிடத்தில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு மேடு. முறிந்து கூடிய இடம்.

"எப்ப இருந்து வலி?" என்று கேட்டேன். அவன் அம்மாவைப் பார்த்தான். அம்மா தரையைப் பார்த்தார். "ரெண்டு மாசமா இருந்துச்சுண்ணே. கிளம்புறப்ப பத்து பட்டை மாத்திரை நான்தான் வாங்கிக் குடுத்து விட்டேன்."

பத்து பட்டை டைக்ளோபினாக் வலி மாத்திரை! இந்த வருடம் இப்படி என் வீட்டு வாசலுக்கு வந்தவர்களில் இவன் நான்காமவன். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் கடற்படையில் மெடிக்கல் அசிஸ்டென்டாக இருபது வருடத்துக்கு மேல் இருந்தவன். மும்பை அஸ்வினி மருத்துவமனையில் படித்து, கப்பல்களின் சிக் பே என்கிற மருத்துவ அறையிலும் கரையிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். எங்கள் பக்கத்துப் பையன்களுக்கு உச்சிப்புளியில் இருக்கும் பருந்து கடற்படைத் தளத்து விமானங்களைப் பார்த்துப் பார்த்தே நேவி ஆசை வந்துவிடும். நல்ல ஆசைதான். ஆனால் போவதற்கு முன் யாரிடம் யோசனை கேட்கிறார்கள்? கோச்சிங் மாஸ்டரிடம். இந்தப் பையனின் மாஸ்டர் சொன்னது இதுதான்: "கால் வலின்னு வெளிய மூச்சு விடாத. அன்ஃபிட் போட்டு வீட்டுக்கு அனுப்பிருவாங்க."

எனக்குக் கோபம் வருவது இந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான். எத்தனை காலை இது உடைத்திருக்கிறது!

தம்பி, சிக் ரிப்போர்ட் போனவனையெல்லாம் வீட்டுக்கு அனுப்பினால் எந்தக் கப்பலும் துறைமுகத்தை விட்டு நகராது. வலி என்று வருபவனுக்கு என்ன நடக்கும்? பார்ப்போம், அழுத்துவோம், ஒற்றைக் காலில் குதிக்கச் சொல்வோம். ஓட்டமும் பரேடும் வேண்டாம் என்று சில நாளுக்குச் சீட்டு எழுதுவோம். தேவைப்பட்டால் கொஞ்ச காலத்துக்கு மருத்துவத் தகுதியில் ஒரு படி இறக்கி வைப்பார்கள். தேறியதும் மறுபடி ஏற்றிவிடுவார்கள். இரண்டு வாரத்திலோ ஆறு வாரத்திலோ அவன் பரேடில் நிற்பான். மறைத்தவனுக்குத்தான் எலும்பு முழுசாக முறிகிறது. அப்புறம் கட்டு, லீவு, அடுத்த பேட்ச். அன்ஃபிட் என்கிற வார்த்தை அவன் பக்கத்தில் வருவதும் அப்போதுதான்.

"அண்ணே, நாலு வருசத்துல நூத்துக்கு இருபத்தஞ்சு பேரைத்தான வச்சுக்குவாங்க, ரெக்கார்டுல சிக்னு இருந்தா எடுப்பாங்களா?" இதையும் கேட்கிறார்கள். நியாயமான பயம். ஆனால் கணக்கைத் தலைகீழாகப் போடுகிறீர்கள். நான்கு வருடம் கழித்து நிரந்தரமாக எடுக்கும்போதும் மெடிக்கல் உண்டு. கோணலாகக் கூடிய எலும்பை அன்றைக்கு எந்தப் பட்டை மாத்திரை மறைக்கும்? இன்னொன்றும் இருக்கிறது. சேவையினால் ஏற்பட்ட ஊனத்துக்கு 2022-இல் அக்னிபத் திட்டத்தை அறிவித்தபோதே இழப்பீடு சொல்லியிருக்கிறார்கள். 100 சதவீத ஊனத்துக்கு 44 லட்சம், 75-க்கு 25 லட்சம், 50-க்கு 15 லட்சம். "சேவையினால் ஏற்பட்டது" என்பதை எதை வைத்து முடிவு செய்வார்கள்? காகிதத்தை வைத்து. அடிபட்ட அன்று சிக் பேயில் எழுதிய ஒரு வரி. நீ சொல்லவே இல்லையென்றால் அந்த வரி கிடையாது. அக்னிவீருக்குப் பென்ஷனும் கிடையாது, கிராஜுவிட்டியும் கிடையாது. அந்த ஒரு வரியையும் ஏன் விடுகிறாய்?

சரி, எந்த வலிக்குப் பயப்பட வேண்டும்? முன்னங்காலின் உள்விளிம்பு நெடுக விரவி வலித்தால் பெரும்பாலும் ஓய்வில் சரியாகிவிடும். ஒரே ஒரு விரல்நுனி படும் இடத்தில் சுள்ளென்று குத்தினால், ஓடும்போது கூடிக்கொண்டே போனால், பின்பு ராத்திரி படுத்த பிறகும் வலித்தால், அன்றைக்கே ஓட்டத்தை நிறுத்திவிட்டு எலும்பு டாக்டரைப் பாருங்கள். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்று வந்துவிட்டால் குதிக்காதீர்கள். எலும்பில் விழுந்த மெல்லிய கீறல் முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் தெரியாமலே போகும். எம்ஆர்ஐயில்தான் தெரியும்.

இந்தக் கீறல் பாதிப் பேருக்கு இங்கேயே, ஊரிலேயே ஆரம்பித்துவிடுகிறது. பிளஸ் டூ முடிக்கிற வரைக்கும் பஸ் ஸ்டாண்டுக்குக்கூட பைக்கில் போனவன், 1.6 கிலோமீட்டரை ஆறரை நிமிடத்தில் ஓட வேண்டும் என்று ஒரே மாதத்தில் பைபாஸ் தார்ரோட்டில் தினம் பத்து கிலோமீட்டர் ஓடினால் எலும்பு என்ன செய்யும்? மூன்று நான்கு மாதம் எடுத்துக்கொள்ளுங்கள். மண் தரையில் ஓடுங்கள். வாரத்தில் இரண்டு நாள் ஓடாதீர்கள். இதை மாஸ்டரிடம் சொன்னால் திட்டுவார். திட்டட்டும்.

மாத்திரை விஷயத்தில் இன்னும் கண்டிப்பாகச் சொல்கிறேன். சில்காவின் புழுக்கத்தில் வியர்வை ஊற்றும். தண்ணீர் குறைந்த உடம்பில் வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஓடினால் அடி வாங்குவது கிட்னி. சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனால் அது சூடு இல்லை, எலுமிச்சை ஜூஸில் தீராது. ஓடி வந்து சொல்லுங்கள். அம்மாமார்களே, பையில் முறுக்கு வையுங்கள், ஊறுகாய் வையுங்கள், மாத்திரை வைக்காதீர்கள். ஜிம்மில் யாரோ கொடுத்த பவுடர் டப்பாவும் வேண்டாம்.

பெண் பிள்ளைகளுக்குத் தனியாக ஒன்று. 2023 மார்ச்சில் சில்காவை விட்டு வெளியேறிய முதல் அக்னிவீர் பேட்சில் 273 பேர் பெண்கள். இன்று இங்கிருந்தும் போகிறார்கள், சந்தோஷம். பயிற்சியில் மாதவிலக்கு நின்றுபோனால் "தொல்லை விட்டது" என்று இருந்துவிடாதே, பாப்பா. போட்ட உழைப்புக்குச் சாப்பாடு போதவில்லை, எலும்பு பலமிழக்கிறது என்பதற்கு அது முதல் தகவல். கூச்சப்படாமல் சொல். நாங்கள் கேட்காத விஷயமா?

சொல்லாமல் இருப்பதற்கு வெட்கமும் பயமும் மட்டும் காரணமில்லை, பாஷையும் காரணம். நம் பையன்கள் சிக் பேயில் வந்து வயிற்றைத் தொட்டுக் காட்டிவிட்டு நிற்பார்கள். வலியா, எரிச்சலா, குமட்டலா என்று சொல்லத் தெரியாது. நான் இருந்த இடங்களில் தமிழில் கேட்டுவிடுவேன், எல்லா இடத்திலும் நான் இருக்க முடியுமா? அரசியலை ஒரு ஓரமாக வைத்துவிட்டு இந்தியில் நான்கு வார்த்தை எழுதிக்கொள்: வலி என்றால் தர்த், தலைசுற்றல் சக்கர், வாந்தி உல்ட்டி, காய்ச்சல் புக்கார். எப்போதிலிருந்து என்பதை விரல் விட்டுக் காட்டினாலும் போதும்.

கடலில் வாந்தி வருவதைப் பற்றி நிறையப் பயப்படுகிறார்கள், மீனவக் குடும்பத்துப் பையன்கள் வெட்கப்படவே செய்கிறார்கள். வள்ளத்தில் போகும்போது வராத வாந்தி, ஜன்னல் இல்லாத இரும்புப் பெட்டிக்குள் வரும். இங்கிலாந்தின் பெரிய அட்மிரல் நெல்சனுக்கே கடல் ஒத்துக்கொள்ளாது. மாத்திரையைத் துறைமுகம் விடுவதற்கு முன் கேட்டு வாங்கிப் போடு, வாந்தி வந்த பிறகு போட்டால் அதுவும் சேர்ந்து வெளியே வரும். அது தூக்கம் தரும், அதனால் வாட்ச் (காவல் முறை வேலை) இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடு. வெறும் வயிற்றோடு இருக்காதே. இரண்டு மூன்று நாளில் பெரும்பாலும் பழகிவிடும்.

என் பேட்ச்மேட் ஒருவர் ஸ்டோக்கர், ஆயுள் முழுக்க எஞ்சின் ரூமில் இருந்தவர். அவரிடம் உங்களுக்கு ஏதாவது சொல்லச் சொன்னேன். "என்ன?" என்றார். மறுபடி சத்தமாகக் கேட்டேன். சிரித்துக்கொண்டே காதைத் தொட்டுக் காட்டினார். காதுக்கவசத்தைக் கழுத்தில் மாலை மாதிரி தொங்கவிட்டுக்கொண்டு திரிந்தவர். பஞ்சு அடைத்தால் போதும் என்று நினைத்தவர். போதாது. போன செவித்திறன் திரும்பாது.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மெடிக்கலுக்குப் போகும் முன் காதில் குறும்பி எடுத்துவிட்டு, பல்லில் காறை சுத்தம் செய்துகொண்டு போ. இதை அறிவிப்பிலேயே போட்டிருப்பார்கள், யாரும் படிப்பதில்லை. முழங்கைக்குக் கீழே உள்பக்கமும் புறங்கையும் தவிர வேறெங்கும் நிரந்தரப் பச்சை குத்தாதே. மெடிக்கலில் பாஸ் போட்டுத் தருகிறேன் என்று லட்சம் கேட்பவன் திருடன். அவனிடம் காசு கொடுத்துவிட்டு என்னிடம் வந்து அழாதீர்கள். 2019 டிசம்பரில் பேஸ்புக்கில் பழகிய "பெண்களை" நம்பித் தகவல் கொடுத்ததாக ஏழு கடற்படையினர் கைதானார்கள். அதற்குப் பிறகுதான் கப்பலிலும் தளத்திலும் ஸ்மார்ட்போனுக்குத் தடை வந்தது. யூனிபார்ம் போட்டோவைப் போட்ட மறுநாள் அழகான பிரெண்டு ரிக்வெஸ்ட் வந்தால் உன் முகராசிக்கு வந்ததில்லை என்று புரிந்துகொள்.

அந்தப் பையன் தேறிவிடுவான். மெலிந்த காலுக்குப் பயிற்சி எழுதிக் கொடுத்திருக்கிறேன், தினம் சாயங்காலம் வருகிறான். நீங்களும் கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பாவது உங்கள் ஊரில் இருக்கும் பழைய நேவிக்காரர் யாரையாவது போய்ப் பாருங்கள். எங்கள் பக்கம் என்றால் என்னிடமே வாருங்கள், காசு கிடையாது. வரும்போது ஓடுகிற ஷூவையும் எடுத்து வாருங்கள். எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று முதலில் அதைத்தான் பார்ப்பேன்.