ஸ்கேன் செய்தாயிற்று என்று நெகட்டிவைத் தூக்கிப் போடாதீர்கள்

காலமான ஒரு புகைப்படக் கலைஞரின் வீட்டிலிருந்து மறுபடியும் ஒரு ஹார்ட் டிஸ்க் வந்திருக்கிறது. “அப்பா எடுத்த படங்கள் எல்லாம் இதில்தான் இருக்கின்றன, இப்போது திறக்க மறுக்கிறது” என்றார் மகள். நெகட்டிவ்கள் எங்கே என்று கேட்டேன். “ஸ்கேன் செய்தாயிற்றே என்று கொடுத்துவிட்டோம்” என்றார். கொடுத்தது பிலிமிலிருந்து வெள்ளி பிரித்தெடுப்பவரிடம். பழைய படங்களைப் பேணும் தொழிலில் இருக்கிற எனக்கு இந்தப் பதில் புதிதல்ல. எரிச்சலே அதனால்தான்.

கலர் பிலிமை டெவலப் செய்யும்போதே அதிலிருக்கும் வெள்ளி வெளியேறிவிடும். மிஞ்சுவது சாயம் மட்டுமே. ஆகவே வெள்ளிக்காக வருகிறவர் கறுப்பு வெள்ளை பிலிமைத்தான் கேட்பார். ஒழுங்காகக் கழுவிய கறுப்பு வெள்ளை நெகட்டிவில் உள்ள வெள்ளிப் படிமம்தான் மொத்தக் குவியலிலும் நீண்ட காலம் மங்காமல் நிற்கக்கூடியது. இருட்டில் வைத்தாலும் சாயம் வெளுக்கிற பிலிம் வீட்டில் தங்கிவிடுகிறது. நிலைத்திருக்கக்கூடியது உலைக்குப் போய்விடுகிறது.

“ஸ்கேன் செய்தாயிற்றே!” இந்த வாக்கியத்தைக் கேட்டால் எனக்குத் தலை சுற்றும். ஸ்கேன் என்பது நெகட்டிவ் அல்ல. ஏதோ ஒரு நாளில், ஏதோ ஒரு கருவியில், யாரோ ஒருவரின் பொறுமைக்கு ஏற்ப அந்த நெகட்டிவிலிருந்து எடுத்துக்கொண்ட அளவு, அவ்வளவே. 1992இல் கோடக் நிறுவனம், ஸ்கேன் செய்த படங்களைச் சேமிக்கும் வட்டான போட்டோ சிடியைக் கொண்டுவந்தது. அதன் வழக்கமான வட்டில் ஒரு படத்தின் உச்ச அளவு 3072க்கு 2048 புள்ளிகள். ஏறத்தாழ 63 லட்சம். அன்று அது பிரமிப்பாக இருந்தது. இன்றைய கைப்பேசிகள் அதை எப்போதோ தாண்டிவிட்டன. அந்த வட்டிலுள்ள கோப்புகளைத் திறக்கும் மென்பொருளையே தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. நெகட்டிவை வைத்திருந்தவர்கள் புதிய கருவியில் மறுபடி ஸ்கேன் செய்துகொண்டார்கள். மற்றவர்களுக்கு அந்த 63 லட்சம் புள்ளிகள்தான் மிச்சம், அதுவும் வட்டு படிக்கப்பட்டால். வீட்டில் ஸ்கேன் செய்து, அழுத்திச் சுருக்கிய ஜேபெக் கோப்பாக மட்டும் சேமித்தவர்களின் நிலை இதைவிட மோசம். ஆழ்ந்த நிழலிலும் வெண்மையிலும் பிலிமில் இருந்த நுணுக்கம் அந்தக் கோப்பில் ஏறவே இல்லை. எந்த மென்பொருளாலும் அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் இர்விங் பென்னை எடுத்துக்கொள்ளுங்கள். 1917இல் பிறந்து 2009இல் மறைந்தவர். 1943 முதல் வோக் என்ற ஃபேஷன் இதழுக்குப் படம் எடுத்தவர், விளம்பரப் பணியும் தாராளமாகச் செய்தவர். 1960களில் அவர் தம் பழைய நெகட்டிவ்களை வெளியே எடுத்து வெள்ளிக்குப் பதில் பிளாட்டினத்தால் படிமம் உருவாகும் பிளாட்டினம் முறையில் தாமே பிரிண்ட் போடத் தொடங்கினார். பிளாட்டினம் பிரிண்டுக்கு நெகட்டிவும் பிரிண்டின் அளவிலேயே இருக்க வேண்டும். தாளோடு ஒட்டிவைத்துத்தான் ஒளி காட்டுவார்கள். அதற்காகப் பெரிதாக்கிய நெகட்டிவ்கள் செய்தார். ஒரே தாளில் பல முறை ரசாயனம் பூசி, ஒவ்வொரு முறையும் படம் இம்மியும் நகராதபடி தாளை அலுமினியத் தகட்டில் ஒட்டிவைத்து வேலை செய்தார். இதழுக்காக எடுத்த படங்கள் கலைக்கூடச் சுவருக்கு வந்தது இப்படித்தான். இதழில் அச்சானதே போதும் என்று அவர் மூல நெகட்டிவ்களை எறிந்திருந்தால் எதை எடுத்துப் பிரிண்ட் போட்டிருப்பார்?

இதில் இன்னொரு பிழையும் அடங்கியிருக்கிறது. விளம்பரத்துக்கு எடுத்தது பிழைப்பு, தனக்காக எடுத்தது கலை என்று பிரித்து, முதல் பெட்டியை முதலில் கழிக்கிறார்கள். கழிப்பவர்கள் பெரும்பாலும் கலைஞர்களேதான்! எந்தப் பெட்டியில் கலை இருக்கிறது என்று தீர்மானிக்கும் அவசரம் உங்களுக்கு வேண்டாம். கூடவே பழைய ஒப்பந்தங்களையும் ரசீதுகளையும் கிழிக்காதீர்கள். வாடிக்கையாளருக்கு எந்த உரிமை கொடுக்கப்பட்டது என்று தெரியாத படத்தை வாரிசுகள் வெளியிடவும் முடியாது, விற்கவும் முடியாது.

ஸ்கேன் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அமெரிக்க அதிபர் கென்னடியின் குடும்பத்தைப் படமெடுத்த ஜாக் லோவின் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட நெகட்டிவ்கள் நியூயார்க்கின் உலக வர்த்தக மையத்தில் ஒரு வங்கிப் பெட்டகத்தில் இருந்தன. 2001 செப்டம்பர் 11இல் அழிந்தன. வேறிடத்தில் இருந்த கான்டாக்ட் ஷீட்டுகள்தான், அதாவது நெகட்டிவ்களை அதே அளவில் வரிசையாகப் பிரிண்ட் போட்ட தாள்கள்தான், அந்தப் படங்களை ஓரளவு மீட்டுக் கொடுத்தன. மூலமும் வேண்டும், நகலும் வேண்டும், இரண்டும் ஒரே கூரையின் கீழ் இருக்கக் கூடாது. கோப்புகளை மூன்று பிரதிகளாக, இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்றை வேறு இடத்தில் வையுங்கள். ஆண்டுக்கு ஒரு முறையாவது திறந்து பாருங்கள். சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டியை மின்சாரம் தராமல் வருடக்கணக்கில் அலமாரியில் போட்டுவைப்பது சேமிப்பு ஆகாது.

பிலிம் பெட்டியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். வினிகர் வாடை அடித்தால், அசிடேட் என்ற பிளாஸ்டிக்கை அடித்தளமாகக் கொண்ட பிலிம் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். வெளியாகும் அமிலமே சிதைவை இன்னும் வேகப்படுத்தும், பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும். கெட்டுப்போன அழுகல் தக்காளியைக் கூடையிலிருந்து எடுப்பதுபோல் அதை உடனே பிரித்துவிடுங்கள், பிறகு ஸ்கேன் செய்வதில் அதற்கே முதலிடம் கொடுங்கள். நேர்ந்ததை மாற்ற முடியாது, குளிர்ச்சியில் வைத்து மெதுவாக்கலாம். பாலியஸ்டர் அடித்தளம் கொண்ட பிலிமுக்கு இந்தத் தொல்லை இல்லை.

பரண் கூடாது, அங்கே வெப்பம். தரைத்தளத்தின் ஈரமும் கூடாது. ஈரப்பதம் 30 முதல் 50 சதவீதத்துக்குள், ஏற்ற இறக்கம் இல்லாமல் இருக்கட்டும். பிவிசி உறைகளை வீசிவிட்டு பாலிபுரோப்பிலீன் அல்லது அமிலமற்ற தாளுறை வாங்குங்கள். ரப்பர் பேண்டு போடாதீர்கள், தயவுசெய்து.

ஒரு படத்துக்கு இத்தனை பிரிண்ட்தான், உதாரணமாகப் பதினைந்துதான், என்று வரம்பு வைத்து எண்ணிட்டு விற்கும் கலைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்தப் பதினைந்தில் எத்தனை விற்றது, யாரிடம், எந்தத் தாளில் என்று ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். உங்கள் மனதில் இருக்கும் கணக்கு உங்களோடு போய்விடும். பிறகு வாரிசுகள் ஒரு பிரிண்ட் கூடுதலாகப் போட்டாலும் முன்பு வாங்கியவர் ஏமாற்று வேலை என்பார். கணினிக் கடவுச்சொற்களும் அந்த நோட்டின் இருப்பிடமும் குடும்பத்தில் ஒருவருக்காவது தெரியட்டும்.

பெட்டி வாரிசுகளின் கைக்கு வந்துவிட்டதா? எதையும் துடைக்காதீர்கள், ஒட்டிக்கொண்டதைப் பிய்க்காதீர்கள். உறைகளின் மேல் பென்சிலில் கிறுக்கியிருக்கும் தேதி, வாடிக்கையாளர் பெயர், பிரிண்ட் போடும்போது எந்த மூலையை எத்தனை விநாடி கருமையாக்க வேண்டும் என்ற குறிப்பு, எல்லாம் வேலையின் பகுதிதான். உறையை மாற்றுவதற்கு முன் அதை அப்படியே படம்பிடித்து, புதிய உறையிலும் எழுதிக்கொள்ளுங்கள். நெகட்டிவ் உள்ளே இருக்கும்போது எழுதாதீர்கள், அழுத்தம் பதிந்துவிடும்.