மிக்கி மவுசிங்: சொல் விளக்கம்

திரையில் தெரியும் ஒவ்வோர் அசைவையும் இசை விடாமல் பின்தொடர்ந்தால் அதற்கு மிக்கி மவுசிங் என்று பெயர். பாத்திரம் பதுங்கி நடந்தால் வயலின் தந்தியைச் சுண்டுவார்கள். படியில் உருண்டால் ஸ்வரங்களும் மளமளவென்று இறங்கும்.

பெயர் வந்த வழி வெளிப்படை. மிக்கி மவுஸ் வரும் டிஸ்னியின் கார்ட்டூன் 'ஸ்டீம்போட் வில்லி' 1928 நவம்பர் 18 அன்று நியூயார்க்கில் திரையேறியது. அதில் படத்தை முடித்துவிட்டு இசையைத் தேடவில்லை. வில்ஃப்ரெட் ஜாக்சன் என்ற இளம் கலைஞர் (அம்மா இசை ஆசிரியை) மெட்ரோனோமை (சீராகத் தட்டித் தாள வேகம் காட்டும் கருவி) வைத்துக் கணக்குப் போட்டார். எந்தத் தாள அடிக்கு எத்தனை ஃபிரேம் (படத்தின் தனித்தனிச் சட்டகம்) என்று முடிவான பிறகே வரைந்தார்கள்.

விநாடிக்கு 24 ஃபிரேம், நிமிடத்துக்கு 1440. அதைப் பாட்டின் வேகத்தால் வகுக்க வேண்டும். நிமிடத்துக்கு 120 அடி என்றால் அடிக்கு 12 ஃபிரேம்: மிடுக்கான நடை. அந்தப் பன்னிரண்டை நான்காகப் பிரித்தால் கர்நாடக இசையின் சதுஸ்ர நடை, மூன்றாகப் பிரித்தால் திஸ்ரம். ஐந்தாகப் பிரிக்கும் கண்டம்தான் மக்கர் பண்ணும்; அதற்கு 15 ஃபிரேம் வேண்டும், வேகம் 96. பாட்டு 100 அடி வேகத்தில் இருந்தால் 14.4 வரும். ஃபிரேமை அறுக்க முடியாதே! 14, 14, 15, 14, 15 என்று போட்டால் ஐந்தடிக்கு 72, கணக்கு நேராகிவிடும்.

அடிக்கு அடி மிதித்தால் மட்டும் டைமிங் வந்துவிடாது. கை அரையடியில் ஓங்கி, அறை முழு அடியில் விழ வேண்டும். எல்லா அசைவும் ஒரே வேகத்தில் வழுக்குகிற புதியவர்களின் வேலைக்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது.

1933இல் வந்த 'கிங் காங்'கில் மேக்ஸ் ஸ்டைனர், பழங்குடித் தலைவனின் காலடிகளுக்கே இசை அமைத்தார். நடிகர்கள் நடிக்கும் படங்களில் இது மிகையாகப்படவே, சொல் கேலியாகிவிட்டது. கார்ட்டூனுக்கு அந்தக் கேலி பொருந்தாது என்பேன்.

தமிழில் 'ஒத்திசைவு' என்றால் உதட்டசைவும் அதில் அடங்கிவிடும். பாதம் தட்டும் கணத்தில் தாளம் விழும் நட்டுவாங்கம் பக்கத்தில் வருகிறது. ஆனால் அது நாட்டியத்துக்கே உரிய சொல். நான் 'அடியொற்றிசை' என்பேன். காலடி, தாள அடி இரண்டுக்கும் 'அடி' ஒன்றுதானே.

வாக்கியத்தில்: "துரத்தல் காட்சிக்கு அடியொற்றிசை போதும், அழுகைக் காட்சியில் வேண்டாம்."