திரும்பி முடித்த பிறகே துப்பாக்கியை உருவுங்கள்

அமெரிக்காவில் நடக்கும் பிராக்டிகல் பிஸ்டல் போட்டிகளில் (ஹோல்ஸ்டர் என்ற இடுப்பு உறையிலிருந்து துப்பாக்கியை உருவி, நேரக்கணக்கில் சுடும் போட்டி) பாதுகாப்பைக் கவனிக்கும் ரேஞ்ச் ஆபீசராக நிற்கும்போது, என் கண் முழுவதும் குவியும் நொடி ஒன்று உண்டு. போட்டியாளர் இலக்குகளுக்கு முதுகைக் காட்டி, கைகளைத் தூக்கி நிற்கிறார். தொடங்கச் சொல்லி டைமரின் பீப் ஒலிக்கிறது. உடல் திரும்புகிறது. திரும்பி முடிப்பதற்குள் துப்பாக்கி ஹோல்ஸ்டரை விட்டு வெளியே வந்துவிட்டால், அதன் முனை பக்கவாட்டிலோ, பின்னால் ஆட்கள் நிற்கும் திசையிலோ போய்விடும். அந்த நொடியே "ஸ்டாப்" என்று குரல் கொடுக்க வேண்டியதுதான். முனை இலக்குத் திசையிலிருந்து இருபுறமும் 90 டிகிரியைத் தாண்டினால், ஒரு தோட்டாகூட வெடிக்காவிட்டாலும் தகுதிநீக்கம். 180 டிகிரி விதி என்று எல்லோரும் சொல்வது இதைத்தான்.

ஒலிம்பிக்கில் நாம் பார்க்கும் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் போட்டியில் இந்தப் பிரச்சினையே இல்லை. அங்கே ஹோல்ஸ்டர் கிடையாது, வீரர் நின்ற இடத்தை விட்டு நகர்வதும் இல்லை. பிராக்டிகல் ஷூட்டிங் அப்படியல்ல. 1976-இல் மிசௌரி மாநிலத்தின் கொலம்பியா நகரில் இந்த விளையாட்டின் சர்வதேச அமைப்பான ஐபிஎஸ்சி உருவானபோதே துல்லியம், தோட்டாவின் வலு, வேகம் மூன்றையும் சேர்த்து அளப்பதுதான் நோக்கமாக இருந்தது. அதன் முதல் தலைவர் ஜெஃப் கூப்பர். 'எல் பிரெசிடென்டே' என்ற பயிற்சியும் அவர் வகுத்ததுதான். முதுகைக் காட்டி நிற்க வேண்டும். திரும்பி, உருவி, 10 கெஜம் தள்ளியிருக்கும் மூன்று இலக்குகளில் ஒவ்வொன்றுக்கும் இரண்டு குண்டு, மேகசின் மாற்றம், மறுபடி அதேபோல ஆறு குண்டு. அமெரிக்காவில் இந்தப் போட்டிகளை நடத்தும் யூஎஸ்பிஎஸ்ஏ அமைப்பு, வீரர்களைத் தரம் பிரிக்கும் கிளாசிஃபயர் ஸ்டேஜாக இதை வைத்திருக்கிறது. தேர்ந்தவர்கள் 5 விநாடிக்குள் முடித்துவிடுகிறார்கள். அதைப் பார்த்துவிட்டு வரும் புதியவர்கள், ரகசியம் கையின் வேகத்தில் இருக்கிறது என்று நம்பிவிடுகிறார்கள்.

உண்மையில் நேரம் வீணாவது கையில் அல்ல, காலிலும் கண்ணிலும்தான்.

வலதுகைக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். விதிப்படி முகமும் பாதங்களும் இலக்குகளுக்கு நேர் எதிர்ப்பக்கம் பார்க்க வேண்டும். பீப் கேட்டதும் தலை இடது தோளுக்கு மேலாகத் திரும்பி முதல் இலக்கைத் தேட வேண்டும். அதே நேரத்தில் வலது கால் இடது காலுக்கு முன்பாகக் குறுக்கே போய் ஊன்ற வேண்டும். பிறகு இரண்டு முன்பாதங்களின் மேல் உடல் இடப்பக்கமாகச் சுழன்றால், குறுக்கே போன கால்கள் தானாகவே பிரிந்து, வழக்கமாகச் சுடும் நிலையில் வந்து நிற்கும். அந்த ஒற்றை அடி சரியாக விழுந்தால் மீதி தானாக வரும். அடி குறுகிப்போனால் கால்கள் ஒட்டி நிற்கும். அகன்றுபோனால் இடுப்பு முழுதாகத் திரும்பாது. இரண்டிலும் முதல் குண்டு ஓரமாகத்தான் போகும். வலப்பக்கமாகத் திரும்புவோரும் உண்டு, அதில் தவறில்லை. ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதையே பழகுங்கள் என்பதுதான் என் கருத்து.

சுழலும்போது எழுந்து நிமிர்வது பரவலான பழக்கம். முழங்கால் லேசாக மடிந்தபடியே, தலை ஒரே உயரத்தில் திரும்ப வேண்டும். உயரம் மாறினால் ரெட் டாட் (குறிபார்க்கும் கண்ணாடியில் தெரியும் சிவப்புப் புள்ளி) கண்ணில் படவே தாமதமாகும். இன்னொரு தவறு, உடலை விசையோடு வீசிவிட்டு இலக்கைத் தாண்டிப் போய்த் திரும்பி வருவது. கண் முன்கூட்டியே ஓர் இடத்தில் பதிந்திருந்தால் இது நடக்காது. முழு இலக்கையும் பார்க்காதீர்கள், அதன் நடுவில் ஒரு புள்ளியைப் பாருங்கள்.

கைக்கு வருவோம். சுழற்சியின்போதே வலது கை இறங்கி, ஹோல்ஸ்டரில் இருக்கும் துப்பாக்கியின் பிடியைப் பற்றிக்கொள்ளலாம். இடது கை மார்போடு ஒட்டிக் காத்திருக்கட்டும். உருவுவது மட்டும், இடுப்பு இலக்குகளை நோக்கி வந்து நின்ற பிறகு. சைட் எனும் குறிபார்க்கும் பகுதி இலக்கில் படும்வரை, விரல் விசையைச் சுற்றியிருக்கும் டிரிகர் கார்டுக்கு வெளியே. இவ்வளவு பிரித்துச் செய்தால் மெதுவாகிவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். பயம் தேவையில்லை. பிடி முன்பே கச்சிதமாக அமைந்துவிடுவதால் உருவுதல் சுத்தமாகவும் விரைவாகவும் வரும்.

அவசரத்தின் விலையையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எல் பிரெசிடென்டேயில் 12 குண்டும் இலக்கின் நடுவிலுள்ள ஏ வட்டாரத்தில் விழுந்தால், குண்டுக்கு 5 வீதம் 60 புள்ளி. 6 விநாடியில் முடித்தால் ஹிட் ஃபேக்டர், அதாவது விநாடிக்கு எத்தனை புள்ளி என்ற கணக்கு, 10. முன்கூட்டியே உருவி 0.2 விநாடி மிச்சம் பிடிக்கிறீர்கள், ஆனால் வலு குறைந்த தோட்டாக்களுக்கான மைனர் பிரிவில் ஒரு குண்டு, 3 புள்ளி மட்டுமே தரும் சி வட்டாரத்துக்கு நழுவுகிறது. 58 புள்ளி, 5.8 விநாடி, அதே 10. இரண்டு குண்டு நழுவினால் 9.66. தகுதிநீக்கத்துக்கான அபாயத்தை விலையாகக் கொடுத்து வாங்கியது இவ்வளவுதான்.

வீட்டில் பழகும்போது துப்பாக்கியை இருமுறை சோதித்துக் காலியாக்குங்கள். தோட்டாக்கள் வேறு அறையில் இருக்கட்டும். சில நாள் துப்பாக்கியைத் தொடாமல் காலும் தலையும் மட்டும் பழகுங்கள். அப்புறம் பிடியைப் பற்றுவது வரை. கடைசியாகத்தான் உருவுவது, அதுவும் பாதி வேகத்தில். டைமரில் பார் நேரம் (முடிக்க வேண்டிய கெடு) வைப்பதெல்லாம் அசைவு பிசகாமல் வந்த பிறகு. கூடவே யாரையாவது பக்கவாட்டிலிருந்து மொபைலில் படம்பிடிக்கச் சொல்லுங்கள். துப்பாக்கி வெளியே வரும் கணத்தில் இடுப்பு எங்கே பார்க்கிறது என்பது அதில் தெளிவாகத் தெரியும்.

வழவழப்பான தரையில் பழகியவர்கள் சரளைக்கல் ரேஞ்சில் தடுமாறுவார்கள். அங்கே பாதம் சுழலாது, முழங்கால்தான் முறுக்கிக்கொள்ளும். உங்கள் முறை வருவதற்கு முன் அந்தத் தரையில் வெறுங்கையோடு சில முறை திரும்பிப் பாருங்கள். பெல்ட் இடுப்போடு இறுகியிருக்கிறதா என்றும் பாருங்கள். திரும்பும்போது ஹோல்ஸ்டர் நழுவினால் கை தேடும் இடத்தில் பிடி இருக்காது. துப்பாக்கியோடு பழக வேண்டுமானால், காலித் துப்பாக்கியைக் கையாள ஒதுக்கியிருக்கும் சேஃப்டி ஏரியாவுக்குப் போங்கள், தோட்டா எதையும் அங்கே கையில் எடுக்காதீர்கள். அனுமதியின்றி வேறு இடத்தில் உருவிப் பார்த்தால் அதற்கும் தகுதிநீக்கம்தான்.